புல் பூக்கும் நவம்பர்

நம் வீடுகளில் ஆஸ்துமா என்ற சொல்லை யாரும் எளிதில் வாயில் எடுப்பதில்லை. 'கொஞ்சம் வீசிங் இருக்கு' என்போம். வரன் பார்க்கும் பேச்சு நடக்கிற வீடாக இருந்தால் அதுவும் கிடையாது; 'சைனஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மூக்கு ஒழுகினால் சைனஸ், கண் அரித்தால் டஸ்ட் அலர்ஜி, அடுக்குத் தும்மல் வந்தால் தண்ணீர் மாறியது. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்து, விக்ஸ் தடவி, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், அக்டோபரிலிருந்து டிசம்பர் முடிய, இந்தக் கணக்கு உயிரை வாங்கக்கூடியது. ஒருமுறை வாங்கியும் இருக்கிறது.

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. மெல்பர்னில் அன்று வெயில் 35 டிகிரியைத் தொட்டது. வடக்கேயிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது. மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில் மேற்கிலிருந்து ஓர் இடிமேகக் கூட்டம் நகரத்தின் மேல் ஏறிக் கடந்தது. வெப்பம் மளமளவென்று இறங்கியது. நாளெல்லாம் புழுங்கியவர்களுக்குக் கதவைத் திறந்துவைக்கத் தோன்றுகிற குளிர்ந்த காற்று அது. அந்தக் காற்றுதான் ஆபத்து.

அன்று மாலை ஆறு மணியிலிருந்து 30 மணி நேரத்துக்குள், வழக்கமாக வருபவர்களைவிட 3,365 பேர் கூடுதலாக மூச்சுக் கோளாறோடு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆஸ்துமாவுக்காக உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்கள் வழக்கத்தைவிட 476 பேர் அதிகம். கிட்டத்தட்ட பதினொரு மடங்கு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 35 பேர் போனார்கள். இறந்தவர்கள் 10 பேர்.

இந்த எண்கள் 2018-ல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்த ஆய்வில் இருக்கின்றன. அதே ஆய்வில் நாம் நின்று படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. அன்று ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் 10 சதவீதம். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பங்கு 1 சதவீதம். இடி எல்லோர் தலைமேலும்தான் இடித்தது. மூச்சுத் திணறியவர்களில் நம்மவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள்.

காரணம் ஒரு புல்லின் மகரந்தம். பெயர் ரைகிராஸ், தாவரவியலார் லோலியம் பெரென்னே என்பார்கள். தமிழில் இதற்கு வழக்குப் பெயர் இல்லை. குளிர்நாட்டுப் புல் என்பதால் நம் சமவெளிக்கு அதோடு பழக்கம் கிடையாது. ரொட்டி சுடுகிற ரை தானியம் வேறு, இது வேறு. பழைய ஆங்கிலக்காரர்கள் 'ரே கிராஸ்' என்றுதான் சொன்னார்கள். நாக்குத் திரும்பி ரை ஆகிவிட்டது.

கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணமான புல். இலையின் அடிப்புறம் மெழுகு தேய்த்தது போல் மினுங்கும். தாளின் அடியைப் பிரித்தால் செவ்வூதா நிறம் ஓடும். கதிர் வந்தபின் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: சின்னச் சின்னக் கொத்துகள் தண்டின் இருபக்கமும் மாறி மாறி, விளிம்பைத் தண்டுக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கும், தட்டையாக ஒரு சடை பின்னியதைப் போல. பூக்கும் நாளில் ஒவ்வொரு கொத்திலிருந்தும் மகரந்தப் பைகள் நூலில் தொங்கும். விரலால் சுண்டினால் புகை மாதிரி ஒரு தூள் எழுந்து காற்றோடு போகும். தேனும் இல்லை, மணமும் இல்லை, வண்டும் வராது. காற்றை மட்டுமே நம்பிப் பூக்கிற செடி என்பதால் மகரந்தத்தைக் கணக்குப் பார்க்காமல் கொட்டுகிறது.

மெல்பர்னில் நம் பிள்ளைகள் காபிக்கு ஊற்றுகிற பாலில் பெரும்பங்கு இந்தப் புல்லிலிருந்து வருவதுதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தீவனத்துக்கென்று விதைத்து வளர்த்த புல் இது. குடியேறியவர்களோடு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனது. இன்று விக்டோரியா மாநிலத்தின் பால் பண்ணைகளுக்கு இதுவே அடித்தளம். நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலம். வடகாற்று அடித்தால் அத்தனை தூளும் நேரே நகரத்துக்குள் வரும்.

இந்தப் புல் பூப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் குளிர்காலத்தின் தண்மை உடம்பில் ஏற வேண்டும். அந்தக் குளிர் படாத செடி இலை இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும், கதிர் விடாது. குளிர் பட்டபிறகு பகல் நீள வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் தண்டு மேலெழும். ஆஸ்திரேலியாவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம். பகல் போதிய அளவு நீண்டுவிடுவது அக்டோபரில். அதனால் ஒரு மாவட்டத்தின் ரைகிராஸ் முழுவதும் சில வார இடைவெளிக்குள் பூத்துவிடுகிறது. மழை நன்றாகப் பெய்த வசந்தம் என்றால் கதிர்கள் அதிகம், மகரந்தமும் அதிகம். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்ன் காற்றில் கன மீட்டருக்கு நூறுக்கு மேல் புல் மகரந்தத் துகள்கள் இருந்தன. நூறைத் தாண்டினாலே 'உச்சம்' என்பது அந்த ஊர்க் கணக்கு.

ஆனால் மகரந்தம் எத்தனை இருந்தாலும் அது ஆளைச் சாய்க்கக் கூடாது. ரைகிராஸ் மகரந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு பருமன். நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் நுழைய முடியாத அளவு அது. மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும், தும்மல் வரும், கண் அரிக்கும், அதோடு போய்விடும். அப்படியானால் இடி இடிக்கும்போது மட்டும் என்ன நடக்கிறது?

இதற்கு விடை சொன்னவர்கள் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார்கள்தான். புரூஸ் நாக்ஸ், மோகன் சிங், செங்க் சுஃபியோக்லு உள்ளிட்டவர்கள் 1992-ல் லான்செட்டில் எழுதினார்கள். மகரந்தத் துகள் மழைநீரில் நனைந்தால் ஊறி வெடிக்கிறது. ஒரு துகளுக்குள்ளிருந்து சுமார் 700 மாவுச்சத்து மணிகள் தெறிக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் சிறியது. அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் புரதத்துக்கு லோல் பி 5 என்று பெயர். ஒவ்வாமை உள்ளவர்களின் உடம்பு முதலில் சண்டைக்குப் போகிற புரதங்களில் இதுவும் ஒன்று. மூக்கில் நின்றிருக்க வேண்டிய சரக்கு எழுநூறு பொட்டலமாகப் பிரிந்து நுரையீரலின் அடிவரை இறங்கிவிடுகிறது. இடிமேகம் வயல்வெளியின் மகரந்தத்தை மேலே உறிஞ்சும். மேகத்தின் ஈரத்தில் அது உடையும். மேகத்திலிருந்து கீழிறங்கும் குளிர்காற்று உடைந்த தூளைத் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு போகும். மழையின் முதல் துளிக்கு முன்னால் வருகிற அந்தக் காற்றைத்தான் நாம் 'அப்பாடா' என்று மூச்சை இழுத்து வரவேற்கிறோம்.

1992 என்ற ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். மெல்பர்னில் 1987 நவம்பரிலும் 1989 நவம்பரிலும் இதே மாதிரி இடிமழை ஆஸ்துமா வந்து, அதைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியாகிவிட்டது. லண்டனில் 1994 ஜூன் 24 இரவு தொடங்கி 30 மணி நேரத்தில் 640 பேர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். வழக்கமாக வரக்கூடியவர்களைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. 1997-ல் நியூ சவுத் வேல்ஸின் வாகா வாகாவில் நடந்தது. 2010 நவம்பரில் மறுபடி மெல்பர்ன். எந்தப் புல், எந்தப் புரதம், எப்படி உடைகிறது, எந்த மாதம் என்பதெல்லாம் தெரிந்து 24 ஆண்டுகள் கழித்துத்தான் பத்துப் பேர் இறந்தார்கள். அறிவியல் இதழில் இருந்த எச்சரிக்கை அடுப்படிக்கு வந்து சேரவில்லை.

புல்லைத் திருத்த முடியாதா என்று கேட்கத் தோன்றும். நெல்லில் எத்தனை ரகம் கொண்டுவந்திருக்கிறோம், ஒவ்வாமை தராத ஒரு ரைகிராஸ் கொண்டுவரக் கூடாதா? 1999-ல் அதே பல்கலைக்கழகத்தில் பிரேம் பல்லா, மோகன் சிங் ஆகியோரின் குழு அதைச் செய்துகாட்டியது. மரபணு மாற்றத்தின் மூலம் மகரந்தத்தில் லோல் பி 5 உண்டாவதை அடக்கினார்கள். மகரந்தம் வழக்கம்போல வேலை செய்தது. ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் அதோடு முன்போல ஒட்டவில்லை. பத்திரிகைகளில் 'தும்மல் வராத புல்' என்று செய்தி போடத் தகுந்த வேலைதான். ஆனால் அந்தப் புல்லை நம்பி ஜன்னலைத் திறந்துவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தப் புல்லின் இயல்பே அதற்குத் தடை.

பொன்னி நெல் வயலில் ஒரு செடி இன்னொன்றின் அச்சு. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ரைகிராஸ் அப்படியல்ல. பங்காளி வீட்டில் பெண் எடுக்காத வழக்கத்தை நம்மைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிற செடி அது. எஸ், இசட் என்று இரண்டு மரபணு இடங்கள் இருக்கின்றன. வந்து விழுகிற மகரந்தத்தின் அடையாளம் அந்த இரண்டிலும் சூலகத்தோடு ஒத்துப்போனால், 'நீ நம் வீட்டுப் பிள்ளை' என்று திருப்பி அனுப்பிவிடும். இதைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 1979-ல் உறுதிசெய்தார்கள். ஆகவே ஒவ்வொரு விதைக்கும் அப்பா வெளியூர்க்காரர். ரைகிராஸில் ரகம் என்பது ஓர் ஊர் மாதிரி: பொதுவான ஜாடை இருக்கும், எந்த இருவரும் ஒன்றில்லை. வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் 1919-ல் தொடங்கிய புல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இன்றுவரை புல் இனவிருத்தியாளர்கள் செய்வது, தேர்ந்தெடுத்த சில தாய்ச்செடிகளை ஒதுக்குப்புறமாக வைத்து ஒன்றோடொன்று கலக்கவிட்டு, அந்தக் கூட்டத்தையே பெருக்கி ரகமென்று பெயரிட்டு விற்பது. இப்படிப்பட்ட செடிக்குள் ஒரு நல்ல மரபணுவை வைத்தால், அடுத்த வயலின் பழைய மகரந்தம் ஒரே தலைமுறையில் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். அடுத்த வயல் மட்டுமா? ரயில் பாதை ஓரம், சாலை ஓரம், வெட்டாத காலி மனை, எல்லா இடத்திலும் இதே புல். கோதுமை வயலில் களையாகத் திரிகிற அதன் தாயாதி லோலியம் ரிஜிடம் இதோடு தாராளமாகக் கலக்கும். களைக்கொல்லி அடித்து ஒழிக்கலாமே என்பீர்கள். கிளைஃபோசேட் மருந்துக்குச் சாகாத களை என்று உலகிலேயே முதன்முதலில் பதிவானது அந்தத் தாயாதிதான், 1996-ல், ஆஸ்திரேலியாவில்.

இனவிருத்தியாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்கள் சாதித்த ஒரு வேலையை எடுத்துச் சொன்னால், மகரந்தத்தில் ஏன் கை ஓங்கவில்லை என்பதும் விளங்கும்.

ரைகிராஸின் உடம்புக்குள் எபிக்ளோயி என்ற பூஞ்சை குடியிருக்கிறது. வெளியே தெரியாது, செல்களுக்கு நடுவில் இழையாக ஓடி, விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். நியூசிலாந்தில் கோடையில் ஆடுகள் கால் தள்ளாடி நடுங்கி விழும். மேய்ப்பவர்கள் ஓட்டினால் இன்னும் மோசமாகும். இதற்கும் அந்தப் பூஞ்சைக்கும் தொடர்பு இருப்பது 1981-ல் தெரிந்தது. பூஞ்சை செய்கிற லோலிட்ரெம் பி என்ற நஞ்சுதான் காரணம் என்பதும் பின்னால் தெரியவந்தது. சரி, பூஞ்சை இல்லாத விதையை விதைப்போம் என்று விதைத்தார்கள். அர்ஜென்டினாத் தண்டு வண்டு வந்து புல்லைத் தின்று தீர்த்தது. பூஞ்சைதான் வண்டையும் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது! வில்லனே காவல்காரனாகவும் இருந்தால் என்ன செய்வது? ஆளை மாற்றினார்கள். ஆட்டை நடுங்கவைக்கிற லோலிட்ரெம்மைச் செய்யாத, ஆனால் வண்டை விரட்டுகிற பூஞ்சை வகையைத் தேடி எடுத்துப் புல்லுக்குள் குடிவைத்தார்கள். ஏஆர்1 என்ற வகை 2001-ல் கடைக்கு வந்தது, ஏஆர்37 என்பது 2007-ல்.

இங்கே கவனிக்க இரண்டு விஷயங்கள். அந்தப் பூஞ்சை தாய்ச்செடியின் விதையில் மட்டும் போகிறது, மகரந்தத்தில் போவதில்லை. அதனால் அடுத்த வயலால் கெடுக்க முடியவில்லை. இரண்டாவது, ஆடு விழுந்தால் நஷ்டம் ஆட்டுக்காரருக்கு. விதைக்குக் கூடுதல் காசு கொடுக்க அவர் தயார். மகரந்தத்தில் இரண்டுமே தலைகீழ். ஒவ்வாமை தரும் புரதத்தின் மரபணு காற்றில் ஊர் ஊராகப் பறக்கிறது. மூச்சுத் திணறுபவரோ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அடுக்குமாடியில் இருக்கிறார். விதைக்கடைக்கு அவர் போவதே இல்லை. நியூசிலாந்தில் ஒவ்வொரு ரகமும் ஹெக்டேருக்கு எத்தனை டாலர் கூடுதலாகத் தரும் என்று மதிப்பிடும் குறியீடு வைத்திருக்கிறார்கள். அதில் பருவத்துக்குப் பருவம் தீவன விளைச்சல் வருகிறது; ஊர்க்காரர் மூக்கு வருவதில்லை. அதே நாட்டின் அக்ரிசர்ச் நிறுவனம் மாட்டுக்குச் சக்தி கூட்டும் மரபணு மாற்ற ரைகிராஸ் ஒன்றை உருவாக்கியபோது, வயல் சோதனைக்கு அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பால் கூட்டித் தரும் புல்லுக்கே இந்த நிலை என்றால், யாருக்கும் லாபமில்லாத, தும்மல் வராத புல்லுக்கு வழிவிடப் போவது யார்? லோல் பி 5-ஐ முழுவதும் அடக்கினாலும் லோல் பி 1 என்ற இன்னொரு ஒவ்வாமைப் புரதம் அப்படியே இருக்கும். ரைகிராஸ் ஒவ்வாமைக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

ஆக, புல் மாறப்போவதில்லை. மாற வேண்டியது நம் பக்கத்துப் பழக்கம்.

ஒவ்வாமை பிறந்த ஊரிலிருந்து பெட்டியில் வருகிற சாமான் இல்லை. ஆசியாவிலிருந்து மெல்பர்னுக்குக் குடியேறியவர்களிடம் செய்த ஆய்வுகளில், அங்கே தங்கிய ஆண்டுகள் கூடக் கூட ஹே ஃபீவர் என்கிற மகரந்த ஒவ்வாமையும் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். முதல் வசந்தத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதிலும் தெரியாமல் போகலாம். அதற்குள் உடம்பு அந்தப் புரதத்தைப் பார்த்துப் பகை சேர்த்துக்கொண்டிருக்கும். 'நான் வந்து நாலு வருஷமாச்சு, எனக்கு எதுவும் ஒத்துக்காம போனதே இல்லை' என்பது ஆறுதலே இல்லை. இன்னும் கேட்டால், ஆபத்து பக்கத்தில் வரும் காலமே அதுதான்.

நம் ஊர்ப் புல்லோடு பழகிய உடம்புக்கு இது புதுசு என்பதற்கு ஓர் எளிய சான்று உண்டு. பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லின் மகரந்தத்திலும் ஒவ்வாமைப் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் லோல் பி 5 சேர்ந்த ஐந்தாம் வகைப் புரதம் அருகம்புல்லில் கிடையாது. அது குளிர்நாட்டுப் புற்களின் சரக்கு. சென்னை மைதானத்துப் புல்லில் புரண்டு விளையாடியவன் என்பதால் மெல்பர்ன் புல் ஒன்றும் செய்யாது என்று எண்ண இடமில்லை.

2016-ல் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு ஹே ஃபீவர் இருந்தது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வைக்கோலுக்கும் காய்ச்சலுக்கும் அதோடு சம்பந்தமில்லை. வசந்தம் வந்தால் மூக்கு ஒழுகுவது, கண் அரிப்பது, அடுக்குத் தும்மல்: நாம் 'சைனஸ்' என்று மூடிவைக்கிற அதேதான். இந்த எச்சரிக்கை முதலில் அவர்களுக்குத்தான். ஆஸ்துமா இருந்தும் தடுப்பு இன்ஹேலரை 'இப்போ நல்லாத்தான இருக்கு' என்று அலமாரியில் போட்டவர்களுக்கு இரண்டு மடங்கு.

காலமும் நமக்குத் தோதானதல்ல. தீபாவளியும் கந்த சஷ்டியும் இந்தப் பருவத்துக்குள்தான் வருகின்றன. சன்ஷைன் நார்த் முருகன் கோயில் நகரத்தின் மேற்கில் இருக்கிறது; நம்மவர்கள் புதிதாக வீடு வாங்கிக் குடியேறும் டார்னீட், கிரேகிபர்ன் போன்ற பகுதிகள் மேற்கிலும் வடக்கிலும், புல்வெளியை ஒட்டி இருக்கின்றன. திறந்தவெளியில் கூட்டம் கூடும் மாலை நேரமும் இடிமேகம் வரும் நேரமும் ஒன்றாகிவிடலாம்.

விக்டோரியா அரசு 2017-லிருந்து இடிமழை ஆஸ்துமாவுக்கென்று முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை, மூன்று நாளுக்குச் சேர்த்து, மாவட்டம் மாவட்டமாக: குறைவு, நடுத்தரம், அதிகம். விக் எமர்ஜென்சி செயலியில் பார்க்கலாம். மழை வருமா என்று பார்க்கிற கையோடு இதையும் பார்த்துவிடுவது அரை நிமிட வேலை. 'அதிகம்' என்று வந்த நாளில், இடிமேகம் வருவதற்கு முன் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கதவு, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற ஏசியை அணைக்க வேண்டும். காரில் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்காற்றே சுழலும்படி பொத்தானை மாற்ற வேண்டும். குளிர்காற்று வருகிறதே என்று பால்கனிக்குப் போகக் கூடாது.

நொச்சி ஆவியைப் பழிக்கவில்லை, மூக்கடைப்புக்குச் சுகம்தான். சுருங்கிய மூச்சுக்குழாயை அது விரிக்காது. விரிப்பது நீல நிற இன்ஹேலர். ஆஸ்திரேலியாவில் அதை மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம். மூச்சு இழுத்தால் நோயாளியை நிமிர்த்தி உட்காரவையுங்கள். இன்ஹேலரை ஸ்பேசர் குழாயில் பொருத்தி ஒருமுறை அழுத்தி நான்கு மூச்சு. அப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் 000-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதையே தொடருங்கள். பேசவே முடியாமல் திணறினால் நான்கு நிமிடத்துக்குக் காத்திருக்காமல் முதலிலேயே அழையுங்கள். 'பக்கத்துல யாருக்கும் தொந்தரவு வேண்டாம், கொஞ்சம் பார்ப்போம்' என்று நடுராத்திரிவரை பொறுக்கிற குணம் நம்மிடம் உண்டு. இந்த நோயில் அதற்கு நேரமில்லை.

புல் மகரந்த ஒவ்வாமையை அடியோடு குறைக்கிற வழியும் உண்டு. ஐந்து வகைப் புல் மகரந்தம் சேர்ந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துப் பல மாதம் எடுத்துக்கொள்வது. அதை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2016 இடிமழையில் பாதுகாப்பு கிடைத்ததை மெல்பர்ன் மருத்துவர்கள் 2018-ல் பதிவுசெய்தார்கள். செலவு அதிகம், சில ஆண்டுகள் விடாமல் தொடரவும் வேண்டும். யாருக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வாமை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மற்றவர்களுக்கு இருப்பது இரண்டு சாதாரண மருந்துகள்: மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தடுப்பு இன்ஹேலர். இரண்டும் அடித்த அன்றே வேலை செய்துவிடாது. வாரக்கணக்கில் ஏற வேண்டும். ஆகவே புல் பூத்தபிறகு தொடங்கினால் பிந்திவிட்டது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செப்டம்பர் தொடக்கத்திலேயே தொடங்கி, டிசம்பர் கடைசிவரை ஒருநாளும் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தேதி நினைவில் நிற்காது என்றால் ஊரிலிருக்கும் அம்மாக்கள் ஒன்று செய்யலாம். விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல் வாங்குகிற அன்று மெல்பர்னுக்கு போன் போட்டு, 'ஸ்ப்ரேயை ஆரம்பிச்சிட்டியா?' என்று கேட்டுவிடுங்கள்.